டேஷ்போர்டுக்குத் தேங்காய் எண்ணெய்

பிசுபிசுப்பு விஷயத்தில் நான் ஒரு நிபுணன் என்று முப்பத்தெட்டு வயது வரை நம்பிக்கொண்டிருந்தேன். இதை ஒப்புக்கொள்ள இப்போது வெட்கம்கூட வருவதில்லை. வெட்கப்பட்டு வெட்கப்பட்டு அலுத்துப்போய்விட்டது.

நம்பியதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அம்மாவின் ஊர் பண்ருட்டிப் பக்கம். பள்ளி விடுமுறை முழுக்க எங்களுக்குப் பலாப்பழம் அறுக்கிற வேலைதான். கையில் பலாப்பால் ஒட்டினால் எண்ணெய் தடவ வேண்டும் என்பது எனக்கு எழுத்து படிக்கும் முன்பே தெரியும். பிறகு கிடைத்த வேலையோ நெய்வேலி நிலக்கரி மைன்ஸில், கன்வேயர் பெல்ட் ஒட்டுகிற பிரிவில். மண்ணையும் நிலக்கரியையும் சுமந்து ஓடுகிற ரப்பர் பெல்ட் எங்கே அறுந்தாலும் சொல்யூஷன் தடவி, சூடு வைத்து, ஒட்டி ஓட வைக்க வேண்டும். ஆக, ஒட்டியதைப் பிரிக்கவும் பிரிந்ததை ஒட்டவும் தெரிந்த ஆள் என்று எல்லோரும் (அதாவது நான்) சொல்லிக்கொண்டிருந்தோம். விஷயம் தெரியாதவன் கடைக்காரரிடம் போய்க் கேட்பான். தெரிந்தவன்தான் தேங்காய் எண்ணெய் பாட்டிலைத் திறப்பான்.

என் காரை நான் வாங்கியது மார்கழி மாதத்தில். இது முக்கியம். பணி ஓய்வு பெற்று குவார்ட்டர்ஸைக் காலி செய்துகொண்டிருந்த ஓர் அதிகாரியிடம் வாங்கினேன். பத்து வருடமாக வண்டியைக் கண் போலப் பார்த்துக்கொண்டவர். வாசலில் அருமையான வேப்பமரம் இருந்தும், காக்கை எச்சம் பெயிண்டைக் கெடுத்துவிடும் என்று அதன் நிழலில் ஒருநாள்கூட நிறுத்தவில்லையாம். வெட்டவெளி வெயிலில்தான் நிறுத்துவாராம். வாரம் தவறாமல் டேஷ்போர்டுக்குப் பளபளப்பு ஏற்றுகிற பாலிஷ் வேறு. இதையெல்லாம் அவர் பெருமையாகச் சொன்னார், நானும் பெருமையாகவே கேட்டுக்கொண்டேன். மார்கழிக் குளிரில் அந்த டேஷ்போர்டைத் தட்டிப் பார்த்தேன். கருங்கல் போல இருந்தது.

சித்திரையில் அது உருக ஆரம்பித்தது.

முதலில் லேசாக வியர்த்தது. துடைத்தேன். மறுநாள் விரல் வைத்தால் விரல் ரேகை பதிந்தது. அதற்கடுத்த வாரம் விரலே வர மறுத்தது. பெட்ரோல் பங்க் ரசீது, என் மனைவி சாந்தியின் ஸ்டிக்கர் பொட்டு, மகளின் பென்சில் சீவல், இரண்டு ஈக்கள், ஒரு குளவி எல்லாம் அதில் நிரந்தரமாகக் குடியேறின. (எங்கள் ஊரில் பெர்மனென்ட் ஆவது எவ்வளவு கஷ்டம் என்று காண்ட்ராக்டில் இருக்கிறவர்களைக் கேட்டால் தெரியும். என் டேஷ்போர்டில் ஓர் ஈ ஒரே மதியத்தில் பெர்மனென்ட் ஆனது.) போதாததற்கு நெய்வேலிக் காற்று. காலையில் துடைத்தால் மதியத்துக்குள் நிலக்கரித் தூளும் சாம்பலும் வந்து அப்பிக்கொள்ளும். வேலை முடிந்து மைன்ஸை விட்டு வெளியே வந்து, வண்டிக்குள் இன்னொரு மைன்ஸில் ஏறி உட்கார்ந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

சாந்தி அன்றைக்கே வழி சொல்லிவிட்டாள். "மந்தாரக்குப்பத்துல சீட் கவர் கடை இருக்குது, அங்க காட்டுங்க. அது வரைக்கும் ஒரு பழைய துண்டப் போட்டு மூடுங்க." பெல்ட் செக்ஷனில் பதினான்கு வருடம் குப்பை கொட்டியவனை ஒரு சீட் கவர் கடைக்கு அனுப்பப் பார்க்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது.

எங்கள் செக்ஷனில் ரப்பர் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க வெள்ளைப் பொடி தூவி வைப்போம். அதே முறைதான் என்று முடிவு செய்தேன். நிறுவனத்துப் பொருளை வீட்டுக்குக் கொண்டுவருகிற ஆள் இல்லை நான். எனவே மகளின் முகப் பவுடர் டப்பாவைக் கவிழ்த்தேன். இரண்டு நாள் வண்டி கல்யாண மண்டபம் போல மணத்தது. மூன்றாம் நாள் பவுடரும் பிசினும் சேர்ந்து சப்பாத்தி மாவாகிவிட்டது. வழித்தால் உருண்டை உருண்டையாக வந்தது.

அப்போதுதான் எனக்கு ஞானம் பிறந்தது. இது பலாப்பால். பார்க்க அதேதான், தொட அதேதான். பலாப்பாலுக்கு என்ன மருந்து?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அரை பாட்டில் தேங்காய் எண்ணெயை டேஷ்போர்டில் ஊற்றிப் பரப்பித் தேய்த்தேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், ஒரு மணி நேரம் அது புது மாப்பிள்ளை போல மின்னியது. சாந்தியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவள் பார்த்துவிட்டு, தலைக்குத் தடவ எண்ணெய் இல்லை, கடைக்குப் போகும்போது வாங்கி வாருங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். வாங்கப் போனபோது, முன் கண்ணாடியில் சாலை தெரியவில்லை. என் டேஷ்போர்டின் பிம்பம்தான் தெரிந்தது. அது சின்னக் கஷ்டம். பெரிய கஷ்டம் மறுநாள் மதியம் வந்தது. அன்றைய வெயிலில் எண்ணெய் பிளாஸ்டிக்குக்குள் இறங்கி, எல்லாம் ஒன்றாக வெந்து, அல்வாப் பதத்துக்கு வந்திருந்தது. கதவைத் திறந்தால் அப்பளம் பொரித்த வாசனை.

இது மட்டும் என்றால் நான் இதை எழுதவே மாட்டேன். எத்தனையோ பேர் எத்தனையோ டேஷ்போர்டுகளைக் கெடுத்திருக்கிறார்கள். நான் கெடுக்கப் பார்த்தது என் தங்கையின் கல்யாணத்தை.

தங்கை வளர்மதி மந்தாரக்குப்பத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அப்போது அவளுக்கு முப்பத்திரண்டு வயது. அப்பா இல்லை, அம்மாவும் அவளும் எங்களோடு குவார்ட்டர்ஸில்தான் இருந்தார்கள். எட்டு வருடமாக நான் அவளுடைய ஜாதகத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்திருந்தேன். அவள் பிறந்த அன்று அப்பா தனக்குத் தெரிந்தவரிடம் எழுதி வாங்கிய நீளத்தாள் அது. நீலப் பால்பாயிண்ட் பேனா. காலை ஆறு பத்துக்குப் பிறந்ததாக எழுதியிருக்கும். ஆறு பத்துக்குப் பிறந்தால் செவ்வாய் ஏழாம் இடத்தில் உட்காருமாம். அங்கே உட்கார்ந்தால் தோஷமாம். அந்தத் தாளை வாங்கிப் பார்த்த வீடுகளெல்லாம் சொல்லி வைத்தது போல மடித்துத் திருப்பிக் கொடுத்தன. எத்தனை வீடு என்று எண்ணுவதை ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டேன். வளர்மதி எண்ணிக்கொண்டிருந்தாளா என்று நான் கேட்டதே இல்லை.

நடுவில் ஒரு தரகர், எங்களைக் கேட்காமலே, நல்லெண்ணத்தில், நேரத்தை ஏழு நாற்பது என்று மாற்றி ஒரு காப்பி போட்டுச் சுற்றுக்கு விட்டிருந்தார். ஏழு நாற்பது என்றால் லக்கினம் மாறி, செவ்வாய் ஆறாம் இடத்துக்குப் போய்விடும், தோஷம் கிடையாது. தெரிந்ததும் அவரைத் திட்டினேன். ஆனால் தாள் கை மாறிவிட்டது.

விருத்தாசலம் கலியபெருமாள் வீட்டுக்கு இரண்டு தரகர்கள் மூலம் இரண்டு காப்பியும் போய்ச் சேர்ந்தன. அவர் பத்திரப் பதிவு அலுவலகத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். மகன் செந்தில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டண்ட், முப்பத்தாறு வயது, அவனுக்கும் தட்டித் தட்டிப் போய்க்கொண்டிருந்தது. வளர்மதியும் அவனும் ஒரு முறை பார்த்துப் பேசினார்கள். வீட்டுக்கு வந்ததும் வளர்மதி, "பரவாயில்லண்ணா" என்றாள். எட்டு வருடத்தில் அவள் வாயிலிருந்து வந்த முதல் பரவாயில்லை அது. அன்று அம்மா இரண்டு முறை சாமி விளக்கேற்றினாள்.

கலியபெருமாள் போன் செய்தார். "தம்பி, ரெண்டு காப்பி வந்துருக்கு, ரெண்டுலயும் வேற வேற டைம். நான் ஒரிஜினலப் பாக்காம எதுக்கும் ஒத்துக்கிட்டது கெடையாது. பண்ருட்டியில நமக்கு வேண்டிய ஜோசியரு இருக்காரு. ஒரிஜினல எடுத்துக்கிட்டு வாங்க, அவரு சொல்றதுதான் முடிவு."

அவர் நெய்வேலி ஆர்ச் கேட்டில் பஸ்ஸை விட்டு இறங்குவது, அங்கிருந்து நான் என் வண்டியில் பண்ருட்டிக்கு அழைத்துப் போவது என்று ஏற்பாடு. பொய் சொல்லித் தங்கையை அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. ஒரிஜினலை அப்படியே கொடுப்போம், ஜோசியர் ஏதாவது பரிகாரம் சொன்னால் சரி, இல்லாவிட்டால் இதுவும் போகட்டும் என்று இருந்தேன். உடம்பெல்லாம் அலுப்பு.

அது கத்திரி வெயில் நேரம். பஸ்ஸிலேயே போய் வந்துவிடுங்கள் என்று சாந்தி சொன்னாள். சம்பந்தி ஆகப் போகிறவரை பஸ்ஸில் நிற்க வைத்துக் கூட்டிப்போவதா என்று மறுத்துவிட்டேன். அவள் ஒரு பழைய கோடு போட்ட துண்டைக் கொண்டுவந்து டேஷ்போர்டின் மேல் விரித்துவிட்டுப் போனாள். ஆர்ச் கேட் வந்ததும் எனக்கு அந்தத் துண்டு கண்ணை உறுத்தியது. ஓரம் பிரிந்த துண்டு. பார்க்கிறவர் என்ன நினைப்பார்? உரித்து எடுத்து சீட்டுக்கு அடியில் திணித்தேன். உரிக்கும்போது அதிலிருந்த பஞ்சில் பாதி டேஷ்போர்டோடு தங்கிவிட்டது. அன்று நான் செய்த முதல் தவறு இது. இரண்டாவதை எழுதத்தான் கை கூசுகிறது.

கலியபெருமாள் வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, மடியில் ஒரு ரெக்ஸின் பையுடன் முன் சீட்டில் உட்கார்ந்தார். பையில் மகன் ஜாதகம் பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தது. டேஷ்போர்டில் முளைத்திருந்த பஞ்சைப் பார்த்தார், ஆனால் கேட்கவில்லை. நாகரிகமான மனிதர். வண்டி புறப்பட்டதும் ஒரிஜினலைக் கேட்டு வாங்கினார். கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, கட்டத்தில் விரலை வைத்து மெதுவாகப் படித்தார். ஒருமுறை, பிறகு இன்னொருமுறை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு பெருமூச்சு விட்டார். எனக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெருமூச்சை நான் பல வீட்டுக் கூடங்களில் கேட்டிருக்கிறேன்.

காடாம்புலியூர் தாண்டுவதற்குள், "தம்பி, ஓரமா நிறுத்துங்க. ஒரு டீ குடிக்கலாம்" என்றார். நிறுத்தினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் வைத்தார். ஜாதகத்தை, எழுதிய பக்கம் கீழே இருக்கும்படி, டேஷ்போர்டின் மேல் கவிழ்த்து வைத்தார். காற்றில் பறந்துவிடக் கூடாதே என்று கண்ணாடிக் கூட்டை அதன் மேல் பாரமாக வைத்து, ஒருமுறை நன்றாக அழுத்தியும் விட்டார். அரசாங்க உத்தியோகத்தில் இருந்தவர் அல்லவா, எதையும் ஒழுங்காகச் செய்வார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என் மனம் அந்தப் பெருமூச்சிலேயே நின்றுவிட்டதால் எனக்கு உறைக்கவில்லை.

டீக்கடைக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். கைக்கும் கத்திக்கும் எண்ணெய் தடவிக்கொண்டு, ஒட்டாமல் அழகாகச் சுளை பிரித்தார். பார்த்துக்கொண்டே டீ குடித்தோம். தங்கச்சி எத்தனை வருடமாக வேலை பார்க்கிறது என்று கலியபெருமாள் கேட்டார். பத்து வருடம் என்றேன். "செந்தில் அவங்கள பத்தித்தான் ரெண்டு நாளா பேசிக்கிட்டு இருக்கான்" என்றார், டீ கிளாஸைப் பார்த்தபடி. கால் மணி நேரம் போனது. அத்தனை நேரமும் வண்டி வெயிலில், மூக்கைச் சூரியனுக்குக் காட்டிக்கொண்டு நின்றது.

திரும்பி வந்து கண்ணாடிக் கூட்டை எடுத்தார். அது முனகிக்கொண்டே வந்தது. தாள் வரவில்லை. ஓரத்தைப் பிடித்து மெல்ல இழுத்தார். மேல் மூலையில் இருந்த பிள்ளையார் சுழி மட்டும் அவர் கையோடு வந்தது.

"தம்பி, இது ஒட்டிக்கிச்சி" என்றார்.

அந்த நேரத்தில் நான் சும்மா இருந்திருக்கலாம். நிழலில் வண்டியை நிறுத்தி, சூடு ஆறும் வரை காத்திருந்து, தகடு போல ஏதாவது கொடுத்து மெதுவாகக் கிளப்பியிருக்கலாம். ஆனால் நான் நிபுணன். "கவலைப்படாதீங்க ஐயா, எனக்கு இதுல அனுபவம் இருக்குது" என்று சொல்லிவிட்டுப் பலாப்பழக்கார அம்மாவிடம் ஓடி எண்ணெய்க் கிண்ணத்தைக் கேட்டேன். பழத்தில் கை வைத்தீர்களா என்று அவர் என் கையைப் பார்த்தார். காரில் ஒரு தாள் ஒட்டிக்கொண்டது என்றேன்.

"காயிதத்துக்கா எண்ண வைக்கப் போறீங்க?" என்றார் அவர். "போண்டா மடிச்சிக்கினு வந்த காயிதமாட்டம் ஆயிடுமேங்க."

பழம் விற்கிற அந்த அம்மாளுக்குத் தெரிந்தது, பெல்ட் செக்ஷனில் பதினான்கு வருடம் இருந்த எனக்குத் தெரியவில்லை. ஓரத்தில் தொடங்கி, விரலால் தொட்டுத் தொட்டு எண்ணெய் வைத்தேன். தாள் முதலில் கறுத்தது, பிறகு கண்ணாடி போலத் தெளிந்தது. பின்பக்கத்திலிருந்தே கட்டம் முழுக்கத் தெரிந்தது. ஆறு பத்து, இடம் வலம் மாறி, பளிச்சென்று. "பாத்தீங்களா, எழுத்து வருது" என்று அவரிடம் சொன்னேன். சொல்லி முடிக்கும் முன் அந்த எழுத்து நகர ஆரம்பித்தது. பால்பாயிண்ட் மை எண்ணெயில் கரைந்து, கட்டத்தை விட்டுக் கட்டம் தாண்டி ஓடியது. கிரகங்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து ஒரு நீலக் குட்டையானதை நாங்கள் இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு தாளைத் தொட்டேன். கூழாக வந்தது.

கலியபெருமாள் நிமிர்ந்தார். குரல் உயரவில்லை. "முப்பத்தஞ்சு வருஷம் பத்திரம் பாத்தவன் நான். ஒரிஜினல அழிக்கிற வழியெல்லாம் பாத்துருக்கேன். எண்ணெய் ஊத்தி அழிச்சத இன்னைக்கித்தான் பாக்குறேன். வேணும்னே பண்ணீங்களா தம்பி?"

தோஷம் என்று திரும்பிப் போனால்கூட மானத்தோடு போயிருக்கும். இப்போது அண்ணன்காரன் ஏமாற்றுக்காரன் என்று போகப் போகிறது. வளர்மதி சொன்ன அந்த ஒரே பரவாயில்லை காதில் கேட்டது.

"இல்லீங்க ஐயா," என்றேன். "எனக்கு அவ்வளவு அறிவு கிடையாதுங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். எண்ணெய் வழிகிற கையைப் பார்த்தார். பிறகு டேஷ்போர்டை முதல் முறையாக நிதானமாக, பத்திரம் பார்ப்பது போல ஓரத்திலிருந்து ஓரம் வரை பார்த்தார். பஞ்சு, பவுடர் உருண்டை, பொட்டு, குளவி. நம்பிவிட்டார் என்று தெரிந்தது. என் முட்டாள்தனம் ஒரு சாட்சியாக எனக்குப் பயன்பட்டது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

"ஜோசியருகிட்ட சொல்லியாச்சு. வண்டிய எடுங்க" என்றார்.

பண்ருட்டியில் ஜோசியர் வீடு ஒரு சந்துக்குள், சலூன் ஒன்றுக்குப் பக்கத்தில் இருந்தது. ஜாதகத்தை வீட்டுக்குள் கொண்டுவர முடியாத நிலையை விளக்கினோம். அவர் வாசலுக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வண்டிக்குள் தலையை நுழைத்தார். தாளின் கூழை வழித்தபின் டேஷ்போர்டில் நீல அச்சு மட்டும் பதிந்திருந்தது, எல்லாம் இடம் வலம் மாறி. சலூனிலிருந்து முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று வரவழைக்கப்பட்டது. அதை நான் பிடிக்க, அவர் அதற்குள் பார்த்து, நாற்பது வருட அனுபவத்தையும் பயன்படுத்தி, "கோடு தெரியுது" என்றார். வேறொன்றும் தெரியவில்லை. சலூனில் பாதி முகத்தில் சோப்போடு ஒருவர் வந்து நின்று, அவரும் எட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். ஜோசியர் ஊன்றியிருந்த முழங்கையை எடுக்கப் பார்த்தபோது அது வரவில்லை. நானும் கலியபெருமாளும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து விடுவித்தோம். அவர் கையிலிருந்த முடி கொஞ்சம் இன்றும் என் வண்டியில்தான் இருக்கும்.

கையைத் தேய்த்துக்கொண்டே, பிறந்த நேரத்தைச் சொன்னால் புதிதாகவே எழுதிவிடலாம் என்றார் அவர். நேரம் எனக்குத் தெரியும். ஆறு பத்து. எட்டு வருடம் சுமந்த நேரம். வாயைத் திறந்தேன்.

"நீங்க இருங்க தம்பி," என்று கலியபெருமாள் குறுக்கே கையை நீட்டினார். "நீங்க அப்ப சின்னப் பையன். பெத்தவங்களக் கேப்போம்."

அம்மாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். ஜோசியர் கேட்டதும் அம்மா யோசிக்கவே இல்லை. எங்கள் வீட்டில் அம்மா கடிகாரத்தைப் பார்த்து நான் பார்த்ததில்லை; பஸ்ஸைத்தான் பார்ப்பாள். அப்பாவையும் என் பெயரைச் சேர்த்துத்தான் சொல்வாள். "மொத ஷிப்ட் பஸ்ஸு போயிடுச்சிங்க. ரவி அப்பா அன்னிக்கி லீவு போட்டுட்டு ஆஸ்பத்திரி வாசல்லயே நின்னுகினு இருந்தாரு. கொழந்த பொறந்துச்சி, அழுதுச்சி, அதுக்கு அப்பறமாத்தான் ஜெனரல் ஷிப்ட் பஸ்ஸு வந்துச்சி. அவ்வளவுதாங்க தெரியும்."

மைன்ஸுக்கு ஆள் ஏற்றிப் போகிற பஸ்கள் அவை, ஒன்று ஐந்தரை மணிக்கு, மற்றது எட்டு மணிக்கு என்று நான் விளக்க, ஜோசியர் பஞ்சாங்கத்தைப் புரட்டினார். இரண்டு பஸ்ஸுக்கும் நடுவில் இரண்டு லக்கினம் வருகிறது என்றார். முதல் ஷிப்ட் பக்கம் வைத்தால் செவ்வாய் ஏழில், ஜெனரல் ஷிப்ட் பக்கம் வைத்தால் ஆறில். எப்படி எழுதட்டும் என்று கலியபெருமாளைத்தான் கேட்டார்.

கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"ஜெனரல் ஷிப்டுக்கே எழுதிடுங்க" என்றார் கலியபெருமாள்.

ஜோசியர் உள்ளே போனதும் நான் மெதுவாக, "ஐயா, நீங்க வண்டியில வரும்போது படிச்சீங்களே..." என்று இழுத்தேன்.

"கண்ணாடி போடாம படிச்சேன் தம்பி," என்றார். "ஒண்ணும் தெரியல."

மாட்டியிருந்தார். மூக்கில் அதன் தடம்கூட அப்போது மறையவில்லை. நான் சலூன் கண்ணாடியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். அங்கே சோப்பு முகத்தோடு இருந்தவர், என்ன சார் கண் கலங்குது என்று கேட்டார். எண்ணெய் பட்டுவிட்டது என்று சொன்னேன்.

வீட்டுக்கு வந்து வளர்மதியிடம் நடந்ததைச் சொன்னேன். அழுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். அப்பா எழுதி வாங்கிய தாள் அல்லவா. அவள் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாளை மூடி வைத்துவிட்டு, "முழுசா போயிடுச்சாண்ணா?" என்று கேட்டாள். முழுசாப் போய்விட்டது என்றேன். எழுந்து போய் ஆறு தோசை சாப்பிட்டாள். அவள் ஆறு தோசை சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அந்தத் தாளை அவளுக்காகச் சுமக்கிறேன் என்று எட்டு வருடம் நினைத்திருந்தேன். சுமந்தது அவள்தான் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. வெட்கமாக இருந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. அதற்கு முன்பே வண்டியை மந்தாரக்குப்பம் சீட் கவர் கடைக்குக் கொண்டுபோனேன். கூடவே சாந்தி வந்தாள். கடைக்காரர் விரலால் தொட்டு, முகர்ந்து பார்த்துவிட்டு, யார் எண்ணெய் போட்டது என்று கேட்டார். முன்னால் வைத்திருந்தவர் என்றேன். சாந்தி இரண்டு விநாடி பொறுத்துப் பார்த்துவிட்டு, உண்மையைச் சொல்லிவிட்டாள்.

அவர் மூன்று நாள் எடுத்துக்கொண்டார். மேலே எதுவும் வந்து ஒட்டவில்லை, வெயிலில் மேல் பூச்சே கெட்டு இளகியிருக்கிறது, அதன் மேல் பாலிஷும் எண்ணெயும் போட்டால் இன்னும் ஊறும் என்று எனக்குப் பாடம் நடத்தினார். நிழலில் நிறுத்தி, வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கிற சோப்பைக் கொஞ்சம் கரைத்து எண்ணெயை எடுத்தார். பிறகு துணியில் ஸ்பிரிட்டைத் தொட்டு, உள்ளங்கை அகலம் உள்ளங்கை அகலமாக அந்த இளகிய பூச்சைத் துடைத்தெடுத்தார். அடியில் கெட்டியான பிளாஸ்டிக் வந்தது. இடது பக்கம், ஜாதகத்தின் பன்னிரண்டு கட்டத்தில் நான்கு மட்டும் நீலமாகப் பதிந்திருந்தது, அது போகவில்லை. அதன் மேல் தைத்த துணி உறை மாட்டி, முன் கண்ணாடிக்கு வெயில் மறைக்க ஒரு வெள்ளித் தட்டியும் கொடுத்தார். பளபளவென்று ஆக்குகிற எதையும் இனித் தொடக் கூடாது, காக்கை எச்சத்தைக் கழுவிக்கொள்ளலாம், வேப்பமரத்தடியில் நிறுத்துங்கள் என்றார். சாந்தி முதல் நாளே சொன்னதற்குமேல் இதில் அதிகம் இல்லை.

போன தை மாதம் வளர்மதிக்குப் பெண் குழந்தை பிறந்தது. கலியபெருமாள் பிரசவ அறை வாசலில் கைக்கடிகாரத்தோடு நின்று, நர்ஸிடம் கேட்டு, ஒரு முழு வெள்ளைத்தாளில் நாள், மணி, நிமிடம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டார். சாட்சிக்கு என்னையும் செந்திலையும் போடச் சொன்னார். பழக்கம் விடவில்லை. இரண்டு காப்பி எடுத்து வாருங்கள் என்று அதை என்னிடம் நீட்டினார். வார்டில் இருந்த எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். மச்சானிடமா கொடுக்கிறீர்கள் என்று செந்தில் பதறினான்.

கட்டிலில் படுத்திருந்த வளர்மதி மட்டும் சிரிக்கவில்லை. குழந்தையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"அண்ணங்கிட்டயே குடுங்க மாமா. வண்டியில முன்னாடி வச்சி எடுத்துகினு போவட்டும்."

கலியபெருமாள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்து மாட்டிக்கொள்ளாமல், தாளை என் கையில் கொடுத்தார்.

நானும் சொன்னபடி செய்தேன். உறையைக் கழற்றினேன், வெள்ளித் தட்டியை எடுத்தேன், வண்டியை வெயிலுக்குத் திருப்பினேன், எழுதிய பக்கம் கீழே வரும்படி கவிழ்த்து வைத்து, மேலே பாரமும் வைத்தேன். ஒரு டீ குடித்துவிட்டு வந்து விரலால் தொட்டேன். வாழையிலை போல வந்துவிட்டது, ஒரு பொட்டு மை சிந்தவில்லை. சீட் கவர் கடைக்காரர் மேல் எனக்கு அவ்வளவு கோபம் வந்ததே இல்லை.

ஜெராக்ஸ் எடுக்கவில்லை. அந்தத் தாள் இன்னும் துணி உறைக்கு அடியில், அந்த நான்கு நீலக் கட்டத்தின் மேல்தான் இருக்கிறது. கலியபெருமாளும் இதுவரை கேட்கவில்லை. விருத்தாசலம் போகும்போதெல்லாம் வளர்மதி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து, வா என்று சொல்வதற்கு முன்னால் அதைத்தான் கேட்கிறாள்.

"ஒட்டுச்சாண்ணா?"

"இன்னும் இல்லம்மா," என்கிறேன். "ரெண்டு சித்திர போவட்டும்."